24 நாள் பூட்டிக் கிடந்த வீடு, திறந்ததும் காலெல்லாம் தெள்ளுப்பூச்சி. பூனையை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்

நங்கநல்லூர்_கலா | மே 28, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தைக்கு லீவு விட்டதும் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். 24 நாள். எங்கள் பூனை மீனுவைப் பக்கத்து வீட்டு அக்கா அவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். எங்களுடையது தரைத்தளம், பழைய கட்டடம், மொசைக் தரை. நேற்று காலை கதவைத் திறந்து, பெட்டியை வைத்துவிட்டு ஹாலில் நாலு நடை நடந்திருப்பேன். கணுக்காலில் சுருக் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் வெள்ளை சல்வார் மேல் கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள், பத்துப் பதினைந்து இருக்கும், மேலே ஏறிக்கொண்டிருந்தன. விரலை வைத்தால் குதித்து மறைந்துவிடுகின்றன.

மகளுக்கு நாலு வயது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் தடித்துச் சிவந்திருக்கிறது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தாள். மாமியார் பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். கணவரும் ஏறக்குறைய அதே முடிவில்தான் இருக்கிறார். மீனு மூன்று வருடமாக எங்களோடு இருப்பவள். கொடுத்துவிட எனக்கு மனமில்லை, குழந்தையின் காலைப் பார்த்தால் பதில் சொல்லவும் முடியவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் ஒரு பூச்சியைக்கூடப் பார்க்கவில்லை. 24 நாளாகப் பூனையும் உள்ளே வரவில்லை. அப்புறம் இத்தனையும் எங்கிருந்து வந்தன? பினாயில் ஊற்றி இரண்டு தடவை கழுவிவிட்டேன். குறையவே இல்லை.

ராஜபாளையம்_வேலு | மே 28, இரவு 10.15

வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூனை உடம்பு முழுக்கத் தடவுங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுக் குளிப்பாட்டுங்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நாய் வளர்க்கிறோம், இதுதான் வைத்தியம். வீட்டைச் சுற்றிக் கமாக்சின் பொடி தூவினால் சுத்தமாகப் போய்விடும்.

பூனைவீடு_ஷர்மிளா | மே 28, இரவு 10.50

கலா அக்கா, முதலில் பினாயிலை நிறுத்துங்கள். பூனை அந்தத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். பினாயிலில் இருக்கும் பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

வேலு அண்ணா, கமாக்சின் என்று நாம் சொல்லும் பிஎச்சி பூச்சிக்கொல்லிப் பொடியை 1997லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய டப்பா எங்காவது இருந்தால் குழந்தை இருக்கும் வீட்டில் தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் முன்பு எங்கள் பகுதிக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், பூனைக்குத் தெள்ளு மருந்து கேட்டேன். கழுத்தில் விடும் பைப்பெட் ஒன்றைக் கொடுத்து, 'நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பாதி விடுங்கள்' என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து விட்டேன். மூன்று மணி நேரத்தில் என் பூனை சாம்பலின் காது துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் முதுகுத் தோல் அலை அலையாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் நிற்க முடியாமல் விழுந்து வலிப்பு வந்துவிட்டது. அட்டையை எடுத்துப் படித்தால் பெர்மெத்ரின். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். டாக்டர் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் வைத்துக் கழுத்தைக் கழுவச் சொன்னார், பிறகு ஊசிகள், டிரிப். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அட்டையில் பூனைப் படமும் பூனையின் எடையும் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 29, காலை 6.20

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் மருத்துவன் அல்ல. ஆனால் முப்பது வருடம் இதே பூச்சியோடு பழகியிருக்கிறேன்.

அம்மா கலா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கதவைத் திறந்த அன்று உங்கள் காலில் ஏறியவை எல்லாம் அன்றே பிறந்தவை.

வளர்ந்த தெள்ளுப்பூச்சி ஒரு தடவை பூனை மேலோ நாய் மேலோ ஏறிவிட்டால் தானாக இறங்காது. அங்கேயே ரத்தம் குடித்து, ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பித்துவிடும். நன்றாக இருக்கும் பெண்பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். பேன் முட்டை போல முடியில் ஒட்டாது அது. பொடியுப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும், பூனை உடம்பை உதறினாலே கீழே கொட்டிவிடும். பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் விதைத்த மாதிரிதான்.

முட்டையிலிருந்து காலில்லாத வெள்ளைப் புழு வரும். அதற்கு வெளிச்சம் ஆகாது. மொசைக் விரிசல், சுவரும் தரையும் சேரும் இடுக்கு, கட்டிலடி, கயிற்று மிதியடி, சோபா மடிப்பு என்று உள்ளே போய்விடும். அதன் சாப்பாடு, மேலே இருக்கும் பூச்சிகள் கழித்துக் கீழே உதிர்க்கும் உலர்ந்த ரத்தம். பிறகு பட்டுப்புழு போலக் கூடு கட்டும். அந்தக் கூட்டில் பசை இருப்பதால் தூசியும் மண்ணும் ஒட்டி, பார்த்தால் ஒரு சிட்டிகைத் தூசி என்றுதான் நினைப்போம். எந்த மருந்தும் சரியாக உள்ளே இறங்காது.

அந்தக் கூட்டுக்குள் பூச்சி முழுசாக வளர்ந்த பிறகும் வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சு, இவற்றில் ஏதாவது எட்டினால் நொடியில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். 24 நாள் அந்த வீட்டில் யாரும் நடக்கவில்லை. நீங்கள் கதவைத் திறந்து நடந்தீர்கள், மொத்தமும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது.

முன்பு ஏன் கண்ணில் படவில்லை என்றால், மீனு வீட்டில் நடமாடியவரை பிறந்ததெல்லாம் அவள் மேல் ஏறிவிட்டது. பூனை நக்கி நக்கியே பாதிப் பூச்சிகளை விழுங்கிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், பூனையை அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் கூட்டிலிருந்து வருவதெல்லாம் குழந்தையின் காலைத்தான் தேடும். முறையான மருந்து போட்ட பூனை வீடு முழுக்க நடந்தால், பிறக்கிற ஒவ்வொன்றும் அவள் மேல் ஏறி, முட்டையிடுவதற்கு முன்பே செத்துப்போகும். வீட்டைக் காலி செய்ய உங்களிடம் இருக்கும் நல்ல பொறியே மீனுதான்.

நங்கநல்லூர்_கலா | மே 29, காலை 7.05

ஐயா, இதை மாமியாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பூனை பேச்சை இன்று எடுக்கவில்லை. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? மீனுவின் மேல் பூச்சி இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை, அவள் கறுப்பு.

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 29, காலை 8.30

பேன் சீப்பை எடுங்கள், பல் நெருக்கமாக இருக்கும் அந்தப் பழைய வகை. வால் தொடங்கும் இடத்திலும் கழுத்திலும் தோலைத் தொட்டு வாருங்கள். சீப்பில் கருந்தூள் வரும். அதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் கொட்டி ஒரு நிமிடம் விடுங்கள். மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஊறிப் பரவும். அது உங்கள் பூனையின் ரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இது ஒன்று போதும். சீப்பில் உயிரோடு வந்தால் நகத்தால் நசுக்கப் பார்க்காதீர்கள், வழுக்கிக் குதித்துவிடும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் சீப்பை முக்குங்கள், மூழ்கிவிடும்.

பூனையை இன்றே எடை போட்டு மருத்துவரிடம் காட்டிப் பூனைக்கான சொட்டு மருந்து வாங்குங்கள். செலமெக்டின், பிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் என்று பல உண்டு, எது என்பதை அவர் முடிவு செய்யட்டும். பின்கழுத்தில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். பக்கத்து வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அதற்கும் அதே நாளில். ஒன்றை விட்டாலும் சுற்று திரும்பவும் தொடங்கும்.

திருச்சி_ஜான் | மே 29, காலை 9.10

இடையில் ஒரு கேள்வி. எங்கள் லேப்ரடாருக்குக் காதில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் தெள்ளுதானா? மாத்திரை கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஆனால் அவனுக்கு முன்பு இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது.

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 29, காலை 9.45

ஜான், அது உண்ணி. எட்டுக் கால், தோலில் வாயைப் புதைத்து அசையாமல் ஊறிக்கொண்டே இருக்கும், குதிக்காது. தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டில் தட்டையான உடம்பு, முடிக்குள் மீன் மாதிரி வழுக்கி ஓடும். நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் உண்ணியால் வருவது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிகா ஆகிய மாத்திரைகள் மூன்றும் ஒரே குடும்பம், தெள்ளுக்கும் உண்ணிக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018ல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உங்கள் நாய்க்கு முன்பே வலிப்பு வந்திருப்பதால் அதை மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்.

ராஜபாளையம்_வேலு | மே 29, மதியம் 1.20

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வேப்பெண்ணெய் வேலை செய்யாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் நாய் சுத்த வெள்ளை, பூச்சி ஓடினால் பளிச்சென்று தெரியும். என் அப்பா காலத்தில் ஒரு பூச்சிகூட நான் பார்த்ததில்லை.

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 29, மாலை 4.00

தம்பி வேலு, உங்கள் அப்பா காலத்து நாய் எங்கே படுத்தது? வெயில் விழும் முற்றத்தில், இல்லையா? தெள்ளுப்புழு நேர் வெயிலில் பிழைக்காது. காற்றில் ஈரம் பாதிக்குக் கீழே போனால் காய்ந்துவிடும். சாணம் மெழுகும்போது விரிசலும் அடைபட்டுக்கொண்டே இருந்தது. அன்று காப்பாற்றியது அந்த முற்றம். இன்று உங்கள் நாய் மாடிப்படிக்கு அடியில் நிழல் மண்ணில் குழி பறித்துப் படுக்கும். அந்தக் குழிதான் இப்போது நாற்றங்கால்.

வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டலாம், சுற்றை உடைக்காது. நாய்க்குத் தடவுவது உங்கள் விருப்பம். பூனைக்கு வேண்டாம், நக்கி உள்ளே போய்விடும். மண்ணெண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, பூண்டு இவை எதுவும் எந்தப் பிராணிக்கும் வேண்டாம். கடையில் அழகான பாட்டிலில் வரும் டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான்.

அந்த டிஷ்யூ சோதனையை ஒரு தடவை உங்கள் நாய்க்கும் செய்து பாருங்கள்.

கோவை_செல்வி | மே 29, இரவு 8.15

கலா, குழந்தையின் காலைப் பற்றி. என் மகனுக்கும் இப்படித்தான் வந்தது. குழந்தை டாக்டர் காலமைன் லோஷன் தடவி, நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். சொறிந்து புண்ணானால்தான் தொல்லை.

எங்கள் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. பிளேக்கில் கொத்துக் கொத்தாக ஆட்கள் போன காலத்தின் நினைவு அது என்று பாட்டி சொல்வார். தெள்ளு என்றாலே அவருக்கு அந்தப் பயம் வந்துவிடும். இந்தப் பூச்சியால் அப்படி ஏதாவது வருமா, ஐயா?

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 29, இரவு 9.30

பிளேக்கைப் பரப்பியது முக்கியமாக எலித்தெள்ளு. அதை 1898ல் கராச்சியில் வைத்துக் கண்டுபிடித்தவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பூனை, நாய் மேல் இருப்பது வேறு இனம், அந்தப் பயம் வேண்டாம்.

ஆனாலும் எலித்தெள்ளால் ஒரு வகை டைபஸ் காய்ச்சல் இன்றும் வரும். வீட்டில் தெள்ளு இருக்கும்போது யாருக்காவது காய்ச்சல், தலைவலி, உடம்பில் தடிப்பு வந்தால், 'வீட்டில் தெள்ளுப்பூச்சி இருக்கிறது' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. நம் ஊரில் அதிகம் பேசப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு, அதைக் கொண்டுவருவது செடிகொடியில் இருக்கும் ஒரு நுண்ணிய சிலந்திப்பேன் வகை.

எலி இருக்கும் வீடு என்றால் எலியை மட்டும் விஷம் வைத்துக் கொன்றுவிட்டு இருந்துவிடாதீர்கள். எலி செத்ததும் அதன் மேல் இருந்த தெள்ளெல்லாம் அடுத்த உடம்பைத் தேடி வரும்.

நாகர்கோவில்_ஜெனி | மே 30, காலை 10.00

எங்கள் பக்கம் இதைச் செள்ளு என்போம். எங்கள் வீட்டில் பிராணியே கிடையாது, ஆனாலும் போன வருடம் படுக்கையறை முழுக்கச் செள்ளு. மூன்று தடவை மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் பரணில் பழைய பாய்ச் சுருளுக்குப் பின்னால் தெருப்பூனை ஒன்று குட்டி போட்டுப் போயிருந்ததைக் கண்டுபிடித்தோம். குட்டிகள் வளர்ந்து போய்விட்டன, பாய்தான் மிச்சம். அதைச் சுருட்டிப் பையில் கட்டி எடுத்துப் போட்டபின்தான் விட்டது. பிராணி இல்லை என்பவர்கள் பரண், மோட்டார் அறை, படிக்கட்டடி மூன்றையும் பாருங்கள்.

நங்கநல்லூர்_கலா | மே 30, இரவு 8.50

டிஷ்யூ சோதனை செய்தேன். கறுப்புத் துகள்களைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள் பரவியதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இத்தனை நாள் அவள் சொறிவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், உடம்பு வறட்சி என்று நினைத்தேன்.

டாக்டரிடம் போனோம். மூன்றரைக் கிலோ. செலமெக்டின் சொட்டு விட்டார். வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததைக் காட்டி நாடாப்புழு என்றார். தெள்ளை விழுங்குவதால் வருமாம். அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார். குழந்தைகளும் தப்பித்தவறிப் பூச்சியை விழுங்கினால் அவர்களுக்கும் வரலாம் என்றதும் கணவர் முகம் மாறிவிட்டது. அதனால் வீட்டு வேலையில் இப்போது அவரும் முழுதாக இறங்கிவிட்டார்.

இன்று செய்தவை: தலையணை உறை, மெத்தை விரிப்பு, ஜமுக்காளம், மீனுவின் துணி எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் போட்டோம். கயிற்று மிதியடியைத் தூக்கிப்போட்டுவிட்டேன். அதைத் தட்டியபோது சிமெண்ட் தரையில் வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று விழுந்து நெளிந்தது. இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், உள்ளே கறுப்பாக ஒரு கோடு. ஐயா சொன்ன புழு அதுதானே?

பெரியகுளம்_ஆய்வாளர் | மே 30, இரவு 9.20

அதேதான். உள்ளே தெரிந்த கறுப்பு அது தின்ற ரத்தம்.

இனி தினமும் செய்ய வேண்டியது: வாக்குவம் கிளீனர் இருந்தால் கட்டிலடி, சுவரோரம், சோபா இடுக்கில் இழுங்கள். அந்த அதிர்வில் கூடுகள் திறக்கும், திறக்கட்டும், அதுதான் நமக்கு வேண்டும். முடிந்ததும் உள்ளே இருப்பதைப் பையில் கட்டி வெளியே போடுங்கள். இல்லாதவர்கள் துடைப்பத்தால் விசிறிப் பெருக்காமல் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஓரங்களை இழுத்துத் துடைக்கலாம். மொசைக் விரிசலை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தால் இன்னும் நல்லது.

பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால் வெறும் கொல்லும் மருந்தோடு நிற்காமல், பைரிப்ராக்சிபென் அல்லது மெத்தோபிரீன் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்தும் உண்டா என்று கேளுங்கள். புழு பூச்சியாக மாறாமல் அது தடுக்கும். மருந்து காயும்வரை குழந்தையும் பூனையும் வெளியே. மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்துங்கள், அந்த மருந்து மீனுக்கு ஆகாது.

இரவில் ஒரு வெள்ளைத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, மேலே தாழ்வாக விளக்கு எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வந்து விழும். அதனால் வீடு சுத்தமாகாது, ஆனால் எண்ணிப் பார்க்கலாம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் மனம் தளராது.

பூனைவீடு_ஷர்மிளா | மே 31, காலை 11.30

முயல் வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பிப்ரோனில் முயலுக்கு ஆகாது. இறந்தே போகலாம். பூனைக்குப் போட்டது மிச்சம் இருக்கிறது என்று முயலுக்கு விட்டுவிடாதீர்கள்.

நங்கநல்லூர்_கலா | ஜூன் 6, இரவு 10.10

ஒரு வாரக் கணக்கு. தட்டில் முதல் இரவு 31, பிறகு 22, 26, 14, 17, 9. ஆனால் இன்று திடீரென்று 28. மாமியார், 'பார்த்தாயா, போகவே போகாது' என்கிறார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

பெரியகுளம்_ஆய்வாளர் | ஜூன் 7, காலை 5.50

அம்மா, இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். மருந்தை மாற்றுவார்கள், இரண்டு மருந்தை ஒன்றாகப் போடுவார்கள், பிராணிக்குத்தான் ஆபத்து.

வீட்டில் இருக்கும் மொத்தத்தில் வளர்ந்த பூச்சி 100க்கு 5 அளவுதான் என்பது பொதுவான கணக்கு. பாதி முட்டை, 35 புழு, 10 கூடு. நீங்கள் கொன்றது அந்த 5ஐ. உங்கள் வீட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் முட்டை பூச்சியாக மூன்று வாரம் போதும். பூனைக்கு மருந்து போடும் முன்பு விழுந்த முட்டைகள் இப்போதுதான் வரிசையாகப் பொரிந்து வளர்கின்றன. நேற்று எதையாவது நகர்த்தினீர்களா?

நங்கநல்லூர்_கலா | ஜூன் 7, காலை 6.30

ஆமாம் ஐயா! திவானை நகர்த்தி அடியில் பெருக்கினோம்.

பெரியகுளம்_ஆய்வாளர் | ஜூன் 7, காலை 6.40

அதுதான் 28. நல்ல காரியம் செய்தீர்கள். சீப்பை வைத்து மீனுவைப் பாருங்கள், தட்டை விட அது சொல்லும் சேதிதான் முக்கியம். அவள் மேல் கருந்தூள் புதிதாக வராவிட்டால் மருந்து வேலை செய்கிறது, முட்டை விழுவது நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது பழைய பாக்கி மட்டும். மூன்று மாதம், ஒரு மாதம்கூட இடையில் விடாமல், சொட்டு மருந்து.

ராஜபாளையம்_வேலு | ஜூன் 11, இரவு 7.30

ஐயா, நாலைந்து நாளாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். டிஷ்யூ சோதனை செய்தேன். சிவந்துவிட்டது. வாலடியில் முடி கொட்டி, தோல் தடித்திருந்ததை இத்தனை நாள் சொறி என்று நினைத்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டர் தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை என்றார். அந்த ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு பூச்சி கடித்தாலே இப்படியாகுமாம். மாத்திரை கொடுத்தாயிற்று. படிக்கட்டடி மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி வெயிலில் பரப்பிவிட்டு, குழியில் ஜல்லி கொட்டிவிட்டேன். அவனுக்கு இப்போது வராந்தாவில் கயிற்றுக் கட்டில்.

நங்கநல்லூர்_கலா | ஜூன் 27, இரவு 9.00

இரண்டாவது சொட்டு விட நாலு நாள் இருக்கிறது. தட்டில் இந்த வாரம் 3, 1, 0, 2, 0, 0, 1. சீப்பில் கருந்தூள் இல்லை. மகளின் காலில் பழைய தழும்பு மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா, தான் சோறு வைக்கும் தெருப்பூனைக்கும் மருந்து போட ஒத்துக்கொண்டார். செலவில் பாதி எங்களுடையது. பூனை இரண்டு நாள் போக்குக் காட்டி, மூன்றாம் நாள் மத்தி மீனுக்கு மயங்கி மடியில் உட்கார்ந்தது.

நங்கநல்லூர்_கலா | ஆகஸ்ட் 30, மாலை 6.15

மூன்று வாரமாகத் தட்டில் ஒன்றுகூட இல்லை. வெள்ளை சாக்ஸ் போட்டு எல்லா அறையிலும் நடந்து பார்த்தோம், கட்டிலடியிலும் காலை நீட்டி வைத்துப் பார்த்தோம், எதுவும் ஏறவில்லை. நாளை நான்காவது சொட்டு. தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பது மாமியார்தான். மத்தியானம் மீனு அவர் கால்மாட்டில்தான் தூங்குகிறாள்.

தாம்பரம்_அருண் | ஆகஸ்ட் 31, காலை 8.05

இந்த இழையை முழுக்கப் படித்தேன். நேற்று ராத்திரி மழையில் சாக்கடையோரம் இரண்டு பூனைக்குட்டிகள் கிடைத்தன. நாலைந்து வாரம்தான் இருக்கும். உடம்பெல்லாம் தெள்ளு. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடலாமா?

நங்கநல்லூர்_கலா | ஆகஸ்ட் 31, காலை 8.20

வேண்டாம் அருண், அந்த வயதுக்கு டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தும் விடக்கூடாது. சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். சோப்பு நுரை போட வேண்டியிருந்தால் முதலில் கழுத்தைச் சுற்றி வளையமாகப் போடுங்கள், இல்லையென்றால் பூச்சியெல்லாம் முகத்துக்கு ஓடும். வெதுவெதுப்பான தண்ணீர், உடனே துவட்டிச் சூடாக வையுங்கள். அதற்கு முன்னால் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு சின்னக் குட்டிகள் அதிலேயே இறந்துவிடும். அப்படி இருந்தால் குளியல் எதுவும் வேண்டாம், நேராகக் கிளம்புங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தாம்பரம்_அருண் | ஆகஸ்ட் 31, காலை 8.31

பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு இளஞ்சிவப்பு, சின்னதற்குக் காகிதம் மாதிரி வெள்ளை. இரண்டையும் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டேன். ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது.